எண்ணெய்க் கிணறு வற்றுகிறதா?

“அரபு நாடுகளில் எண்ணெய் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு வரும்?” என்னும் வினா நம் குடும்பங்களில் ஐம்பது ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. 1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்ததைத் தொடர்ந்து, வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்தும், கடலைக் காணாத உள்நாட்டு ஊர்களிலிருந்தும் நம் இளைஞர்கள் புறப்பட்டுச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனையோ வீடுகள் எழுந்தன. எத்தனையோ பெண்மக்களுக்கு மணம் முடிந்தது. “இன்னும் முப்பது ஆண்டில் அந்த எண்ணெய் தீர்ந்துவிடும்” என்று அன்றைக்கே சொன்னவர்கள் உண்டு. தந்தைக்குச் சொன்னதையே மகனுக்கும் சொன்னார்கள். இப்போது பேரனுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெயோ வந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கு இவ்வாறு பொய்த்ததற்குக் காரணங்கள் பல. புதிய வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டமை அவற்றுள் ஒன்று. மற்றொன்று, பொதுமக்கள் அவ்வளவாக அறியாதது. அதனையே ஈண்டு நாம் ஆராயப் புகுகிறோம். ஓர் எண்ணெய்க் கிணறு “வற்றிவிட்டது” என்று சொல்லப்படும்பொழுது, அதன் அடியில் இருந்த எண்ணெயின் பெரும்பகுதி அங்கேயே தங்கியிருக்கிறது. உலக வயல்களையெல்லாம் ஒருசேர எடுத்துக்கொண்டால், நூற்றுக்குச் சுமார் 35 பங்குதான் மேலே வருகிறது. எஞ்சிய பங்கை மீட்கும் முயற்சியின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அது நம் வாழ்வோடு பல வகையில் பிணைந்திருக்கிறது.

அரபுமொழியில் கல்லெண்ணெய்க்கு ‘நஃப்து’ என்று பெயர். இச்சொல் அரபியரின் ஆக்கமன்று; பாபிலோனிய மண்ணில் வழங்கிய அக்காத் மொழியிலிருந்து வந்தது என்பர் மொழிநூலார். ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ, தம் ‘கிதாபுல் அஸ்ரார்’ என்னும் நூலில், கறுப்பு நஃப்தைக் களிமண்ணோடு சேர்த்து வாலையில் வடித்து, விளக்கெரிக்க உதவும் வெள்ளை நஃப்து எடுக்கும் முறையை எழுதிவைத்தார். இன்று மண்ணெண்ணெய் என்று நாம் சொல்வது ஏறக்குறைய அதுவே. அவருக்குச் சற்றுப் பின்னர் வாழ்ந்த அல்-மஸ்ஊதீ என்னும் வரலாற்றறிஞர், ‘முரூஜுத் தஹப்’ என்னும் பெருநூலில் காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கூ நகரின் நஃப்து ஊற்றுகளைக் குறிப்பிடுகிறார். அந்தப் பாக்கூவை அடுத்த பலாகானியில், 1594ஆம் ஆண்டிலேயே 35 மீட்டர் ஆழத்துக்குக் கையால் வெட்டிய எண்ணெய்க் கிணறு ஒன்று இருந்ததாகக் கல்வெட்டுச் சான்று கூறுகிறது.

அக்காலத்தார் செய்தது எளிது. ஊறியதை இறைத்தார்கள், ஊற்று நின்றால் வேறிடத்தில் வெட்டினார்கள். கிணற்றைச் சுற்றி எஞ்சியிருப்பது எவ்வளவு என்னும் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. இன்றைய அரபு நூல்களிலோ இவ்வெண்ணெய் தங்கியிருக்கும் பாறைப் படுகைக்கு ‘மக்மன்’ என்னும் அழகிய சொல் வழங்குகிறது. ‘கமன’ என்றால் ஒளிந்திருந்தான் என்பது பொருள். மக்மன் என்பது ஒளிவிடம். எஞ்சிய எண்ணெயை மீட்பதற்கு ‘இஸ்திக்லாஸ்’ என்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த ‘இக்லாஸ்’ என்னும் சொல் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது இது. கலப்பினின்று தூயதைப் பிரித்தெடுத்தல் என்பது அவ்வேரின் கருத்து. மொழி வழியாகவே பொருளின் இயல்பு விளங்கிவிடுகிறது. எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதில்லை; ஒளிந்து கிடக்கிறது.

எங்கே ஒளிந்திருக்கிறது? மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில். நாம் வாழும் அவிநாசி வட்டாரத்தில் இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டுவதில்லை. ஒரு முழம் பனியன் துணியை எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து பாருங்கள். முதற்பிழிவில் தாராளமாக ஒழுகும், இரண்டாவதில் சொட்டும், மூன்றாவதில் கை மட்டும் நோகும். ஆனால் துணியோ எண்ணெய்ப் பிசுக்காகவே இருக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் எண்ணெயைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. பாறையின் நிலையும் இதுவே.

முதலில் எண்ணெய் தானே பீறிட்டு வருவதற்குக் காரணம் அழுத்தம். கோலிச் சோடாவைத் திறந்தவுடன் உள்ளே கரைந்திருந்த வாயு விரிந்து நீரையும் தள்ளிக்கொண்டு வருகிறதல்லவா? அதுபோல எண்ணெயில் கரைந்துள்ள வாயு விரிந்து எண்ணெயை மேலே தள்ளுகிறது. வாயு போய்விட்டால் சோடா வெறுந்தண்ணீராகிவிடுவதுபோல, அழுத்தம் தணிந்த பாறையில் எண்ணெய் அசைவற்றுக் கிடந்துவிடும். கிணறுகளை அவசரப்பட்டுத் திறந்து வாயுவை வீணடித்தவர்கள், எண்ணெயையும் தம் கையாலேயே பாறைக்குள் பூட்டிவைத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

இப்பூட்டைத் திறக்கும் முதல் திறவுகோல் தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1859இல் டிரேக் என்பவர் சுமார் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கண்டதிலிருந்து அங்கே கிணறுகள் காளான்போல் முளைத்தன. அம்மாநிலத்தின் பிராட்ஃபோர்டு வயல் 1881இல் உச்சத்தை அடைந்து, பின்னர் விரைவாகச் சரிந்தது. கைவிடப்பட்ட கிணறுகளின் குழாய்கள் துருப்பிடித்து, மேல்மட்டத்து நிலத்தடி நீர் எண்ணெய்ப் பாறைக்குள் இறங்கியது. இது கேடு என்றே யாவரும் கருதினர். ஆனால் அண்டைக் கிணறுகளில் எண்ணெய் கூடியது! உள்ளே புகுந்த நீர் எண்ணெயை முன்தள்ளியிருக்கிறது. ஜான் கார்ல் என்னும் நிலவியலார் 1880லேயே இப்படி நிகழக்கூடும் என்று எழுதியிருந்தார். சட்டமோ கைவிட்ட கிணறுகளை நீர் புகாதபடி அடைக்க வேண்டும் என்றது. ஆகவே கிணற்றுக்காரர்கள் பல்லாண்டுகள் இரகசியமாகவே நீரை உள்ளே விட்டுவந்தனர். 1921இல்தான் பென்சில்வேனியா இதனைச் சட்டப்படி அனுமதித்தது. பின்னர் நான்கு மூலைகளில் நீர்க்கிணறும் நடுவில் எண்ணெய்க் கிணறுமாக ஒழுங்குபடுத்தும் முறை வந்தது. செத்துவிட்டது என்று கருதப்பட்ட பிராட்ஃபோர்டு, 1937இல் இரண்டாம் முறையாக உச்சம் கண்டது.

உள்ளே நீரை விட்டு மேலே பயனைப் பெறுதல் நம் பக்கத்தாருக்குப் புதிதன்று. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில், பவானியாற்றின் மிகைநீரைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து ஏற்றிக் கொணர்ந்து 1,045 குளம் குட்டைகளில் விடுகிறார்கள். அந்நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளை ஊறச்செய்யும் என்பது நோக்கம். அறுபதாண்டுக்கு மேலாகக் கேட்டுப் பெற்ற திட்டம் அது. எண்ணெய் வயலில் வேறுபாடு ஒன்றே: விடுவதும் நீர், பெறுவதும் நீர் என்பது இங்கே, விடுவது நீர், பெறுவது எண்ணெய் என்பது அங்கே.

இம்முறையைப் பேரளவில் கையாண்ட நாடு சவூதி அரேபியா. 1938இல் தம்மாமின் ஏழாம் கிணறு எண்ணெய் தந்தது. 1948இல் கவார் என்னும் பெருவயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 280 கிலோமீட்டர். அதாவது, அவிநாசியிலிருந்து நாகூருக்கு நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய அவ்வளவு. 1960களிலிருந்து அவ்வயலின் ஓரங்களில் நீரைச் செலுத்தி, எண்ணெயை நடுவே ஒதுக்கி எடுத்துவருகிறார்கள். பாலையில் நன்னீரை இதற்குச் செலவிட முடியுமா? 1978இல் குரையா என்னுமிடத்தில் கடல்நீரைச் சுத்திகரித்து அனுப்பும் பெருநிலையம் அமைந்தது. நம்மவர் பலர் வேலைசெய்யும் அந்நாட்டு எண்ணெய், பாதி கடலின் உழைப்பு என்றால் மிகையாகாது.

ஆயினும் நீரால் எல்லாம் ஆவதில்லை. நீர் மெல்லியது, எண்ணெய் பல இடங்களில் தடித்தது. மெல்லியதைக் கொண்டு தடித்ததைத் தள்ளினால், நீர் ஒரே சீராகத் தள்ளாமல் விரல் விரலாகப் பிரிந்து, இலகுவான வழியைக் கண்டு எண்ணெயைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அப்படி ஓடாத இடத்திலும், நுண்துளைகளில் எண்ணெய் துளித்துளியாகச் சிக்கிக்கொள்ளும்; நீரும் எண்ணெயும் ஒட்டாத பகைமையே அதற்குக் காரணம். முதல் இடர்க்கு மருந்து, நீரைத் தடிக்கச் செய்தல். இரண்டாவதற்கு மருந்து, அப்பகைமையைத் தணித்தல்.

இவ்விரண்டு மருந்தும் நம் சாயப்பட்டறைகளில் அன்றாடம் கையாளப்படுவன என்பது வியப்புக்குரியது. நெய்து வந்த கோராத் துணி நீரில் நனையாது; பருத்தியின் இயற்கை மெழுகு இழையோடு ஒட்டியிருக்கும். காஸ்டிக் சோடாவும் சோப்பு எண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மெழுகு பிரிந்து நீரோடு போய்விடுகிறது. பிறகுதான் சாயம் பிடிக்கிறது. துணியில் அச்சிடும் சாயம் ஓடிப் பரவாதிருக்கப் பசை சேர்த்துத் தடிக்கச் செய்கிறார்கள். கிணற்றிலும் இதே கதைதான். காரம், சோப்பினத்துப் பொருள், தடிக்கச்செய்யும் பாலிமர் என மூன்றையும் நீரோடு கலந்து உள்ளே செலுத்துவது ஒரு முறை. குஜராத்தின் விராஜ் வயலில் 2002இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் இம்மூன்றையும் சேர்த்துச் சோதித்தது. சானந்த் வயலில் 1980களிலேயே பாலிமர் மட்டும் சோதிக்கப்பட்டது. சீனாவின் தாச்சிங் வயல், 1990களின் நடுவிலிருந்து இத்துறையில் உலகிலேயே மிகப் பெரிய பாலிமர்ப் பணியை நடத்திவருகிறது. பாறையை வெளுத்தெடுக்கிறார்கள் என்று நம் ஊர்க்காரர் ஒருவர் சொல்வாராயின் அதில் பிழையில்லை.

மற்றொரு வழி, சூடேற்றல். இதுவும் தற்செயலே. வெனிசுவேலாவின் மேனே கிராண்டே வயலில் 1959இல் ஷெல் நிறுவனத்தார் நீராவியைச் செலுத்திக்கொண்டிருந்தபொழுது, அது நிலத்தைப் பிளந்துகொண்டு வெளியேறத் தொடங்கிற்று. அழுத்தத்தைத் தணிப்பதற்காக, நீராவி செலுத்திய கிணற்றையே திறந்துவிட்டனர். அதிலிருந்து எண்ணெய் பெருக்கெடுத்தது! சில நாள் நீராவி விட்டு, சில நாள் ஊறவைத்து, பின்னர் அதே கிணற்றில் இறைக்கும் முறை அவ்வாறு பிறந்தது.

நம் நாட்டில் இதனினும் துணிவான செயல் ஒன்று நடந்தது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் பலோல், சந்தால் என இரு வயல்கள் உள்ளன. அவற்றின் எண்ணெய் பாகுபோல் தடித்தது. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அளவே இயல்பாக வரும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே கிணற்றின் அடியில் தீ மூட்டி, மேலிருந்து காற்றைச் செலுத்தினார்கள். எண்ணெயின் கனமான ஒரு பகுதி எரிந்து சூடு தருகிறது. அச்சூட்டில் முன்னாலுள்ள எண்ணெய் இளகி அடுத்த கிணற்றுக்கு நகர்கிறது. 1990இல் பலோலில் சோதனையாகத் தொடங்கிய இது, 1997இல் இரு வயல்களிலும் தொழிலளவில் விரிந்தது. மூன்று மடங்கு எண்ணெய் எதிர்பார்க்கலாம் என்று மதிப்பிட்டனர். தன்னையே ஒரு பங்கு எரித்துக்கொண்டு மற்றதை வெளியே அனுப்பும் கிணறு! நம் புலவர்கள் கண்டிருந்தால் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

இத்துறையின் எல்லா முறைகளையும் ஒரே மண்ணில் காண விரும்புவோர் ஓமனுக்குப் போக வேண்டும். நம் வாசகர் குடும்பங்களில் மஸ்கத்திலும் சலாலாவிலும் வேலை பார்த்தவர் இல்லாத வீடு குறைவு. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே சொல்வோம். ஓமன் 1967இல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கியது. அதன் வயல்கள் கவாரைப் போல வரம் பெற்றவையல்ல. சிறியவை, சிதறியவை, பல இடங்களில் எண்ணெய் தடித்தது. 2000ஆம் ஆண்டையொட்டி நாளொன்றுக்குச் சுமார் 9.5 லட்சம் பீப்பாயாக இருந்த அதன் உற்பத்தி, 2007இல் ஏறக்குறைய 7 லட்சமாகச் சரிந்தது. “ஓமன் முடிந்தது” என்ற பேச்சு அன்று மிகுந்திருந்தது. வேலையிழப்பை அஞ்சியவர்களுள் நம்மவரும் இருந்தனர்.

அந்நாடு செய்தது யாது? தெற்கே மர்முல் வயலில், 1980களில் சோதித்து வைத்திருந்த பாலிமர் முறையை 2010இல் முழு அளவில் தொடங்கியது. முகைஸ்னா வயலில் 2005இலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் நீராவி செலுத்தியது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் பீப்பாயும் தேறாதிருந்த அவ்வயல், ஓர் இலட்சத்தைத் தாண்டியது. கர்ன் ஆலம் வயலில் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையை நீராவியால் சூடேற்றி, எண்ணெய் தன் கனத்தாலேயே வடியும்படி செய்தார்கள். ஹர்வீல் பகுதியில் எண்ணெயோடு கலந்துவிடும் வாயுவைச் செலுத்தினார்கள். 2016இல் ஓமனின் உற்பத்தி நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பீப்பாயைத் தொட்டது. வற்றியதாகச் சொல்லப்பட்ட நாடு, தன் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது.

நீராவி வேண்டுமானால் எரிபொருள் வேண்டும். எண்ணெய் எடுப்பதற்காக எரிவாயுவை எரிப்பது வீண் என்று எண்ணிய ஓமானியர், அமல் வயலில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் வளைந்த ஆடிகளை நிறுத்தி, வெயிலைக் குவித்து நீராவி ஆக்கினார்கள். ‘மிர்ஆ’, அதாவது ஆடி, என்று பெயரிட்ட அந்நிலையம் 2017இல் நீராவி தரத் தொடங்கியது. ஆனால் எண்ணெய் விலை வீழ்ந்த 2020இல் அதனை அமைத்த நிறுவனம் நொடித்துக் கலைப்புக்குச் சென்றது. பழைய கிணற்றின் எண்ணெய் எப்போதும் விலையின் கையில்தான் இருக்கிறது. விலை ஏறினால் அது செல்வம். இறங்கினால் வெறும் பாறைப் பிசுக்கு. கிணறு வற்றாமலேயே ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவதுண்டு என்பதை வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் நன்கறிவார்கள். ஆதலால், “எண்ணெய் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது?” என்று கேட்பதைவிட, “எடுக்க ஆகும் செலவை உலகம் எத்தனை ஆண்டுக்குத் தரும்?” என்று கேட்பதே நம் குடும்பங்களுக்குப் பொருத்தம் என்பது நம் கருத்து.

கரியமில வாயுவைச் செலுத்தும் முறையும் உண்டு. அது எண்ணெயில் கரைந்து, எண்ணெயைப் பருக்கச் செய்து இளக்குகிறது. அமெரிக்காவின் டெக்சாசில் 1972இல் பேரளவில் தொடங்கியது. சவூதியின் உஸ்மானியாவில் 2015இலும், அபூதபியில் உருக்காலையின் புகைவாயுவைக் கொண்டு 2016இலும் வந்தது. ஆண்டுக்கு எட்டு இலட்சம் டன் வாயுவை நிலத்துள் அடைக்கும் அளவுக்கு இவ்விரு நிலையங்களும் அமைக்கப்பட்டன. வளிமண்டலத்துக்கு இது நன்மை என்பர் ஒரு சாரார். அவ்வாறு எடுத்த எண்ணெயும் எரிந்து அதே வாயுவாகத்தானே போகிறது என்பர் மறு சாரார். பின்னவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தாயகத்துக்கு மீண்டால், இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. உள்நாட்டு வயல்களோ முதுமை எய்தியவை. அசாமின் டிக்பாய் 1889இல் எண்ணெய் கண்டது, அங்க்லேஷ்வர் 1960இல், பம்பாய்க் கடல் வயல் 1974இல். அக்கடல் வயலின் உற்பத்தியை உயர்த்தும் பொருட்டு, 2025 ஜனவரியில் ஒரு பிரித்தானிய நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணையாகத் தேர்ந்தார்கள். பழைய வயல்களில் மீட்பு முறைகளைக் கையாளுவோர்க்குச் சலுகை தரும் கொள்கையை மத்திய அரசு 2018இல் வகுத்தது. ராஜஸ்தானின் பார்மேர் பாலையில் 2004இல் கண்டறியப்பட்டு 2009இல் உற்பத்தி தொடங்கிய மங்களா வயல், இன்று நம் நாட்டில் பாலிமர் முறைக்குப் பேர்பெற்ற சான்று. அங்குள்ள எண்ணெய் மெழுகு மிக்கது. சாதாரண வெப்பத்தில் உறைந்துவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை செல்லும் குழாயையும் வழிநெடுகச் சூடாக்கியே வைத்திருக்கிறார்கள். பாலிமர் நீர் 2014–15 முதல் பேரளவில் செலுத்தப்படுகிறது. இவ்வயலுக்கு வேண்டிய நீரைத் தும்ப்லி என்னுமிடத்து உவர்நீர்ப் படுகையிலிருந்து எடுக்கிறார்கள், குடிநீரில் கைவைக்கவில்லை. இச்செய்தி பாராட்டிச் சொல்லத் தக்கது.

ஏனெனில், இவ்வளவு முறைகளுக்கும் அடியில் நீரின் கணக்கு ஒன்று இருக்கிறது. முதிர்ந்த வயலில் எண்ணெயைவிட நீரே மிகுதியாக மேலே வரும். உலகச் சராசரியில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் நீர் என்பர். அது பாறையின் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும், செலுத்திய மருந்தின் மிச்சமும் கலந்த நீர். அதனை எங்கே விடுவது?

இக்கேள்வியின் கடுமையை உணர நொய்யற்கரை மக்களைவிடத் தகுதி பெற்றவர் யார்? பாசனத்துக்கென்று 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியதை நாம் கண்டோம். உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். 2011 ஜனவரி 28இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, வெளுப்பு ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரில் ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தினால்தான் தொழில் என்ற நிலை அதன் பிறகே உறுதிப்பட்டது. மங்களா வயலில் நீரைத் தடிக்கச் செய்யும் பாலிமரின் உறவினப் பொருள்தான், இங்கே சுத்திகரிப்பு நிலையத்தில் கசடைத் திரட்டிப் படியவைக்கிறது. அங்கே எண்ணெயைத் தள்ளுவதும் இங்கே அழுக்கைப் பிடிப்பதும் ஒரே குடும்பத்துச் சரக்கு. எனினும் நிலையங்களில் எல்லாம் வடித்த பின்னர் எஞ்சும் கலப்பு உப்பு, கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தங்கிவிடுகிறது. ஓமனின் நிம்ர் வயலிலும் இவ்வாறே. முன்பு அங்கே கழிவுநீரை ஆழ்கிணறுகளில் அழுத்தி இறக்கினார்கள். பின்னர் பாலையின் நடுவே நாணற் படுகைகளைப் பரப்பி, நாள்தோறும் ஏறக்குறைய ஓர் இலட்சம் கன மீட்டர் நீரை அதன் வழியே பாயவிட்டு எண்ணெயைப் பிரிக்கிறார்கள். பறவைகள் வந்து தங்குகின்றன. கடைசியில் நீர் ஆவியாகிறது, உப்பு எஞ்சுகிறது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். காவிரிப் படுகையில் முதற்கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1993இல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. கமலாபுரம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம் என வயல்கள் தொடர்ந்தன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் அடியக்கமங்கலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். வளைகுடா எண்ணெயின் ஊதியம் ஒருபுறம் வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்குப் பின்னால் நெல்வயலின் நடுவே எண்ணெய் இறைக்கும் கருவி தலையாட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வூரார் எண்ணெயை வெறுக்கவும் இயலாது. நெல்லை மறக்கவும் இயலாது.

2017 ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. அதே ஆண்டில் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனர். 2020 பிப்ரவரியில் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எடுப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவருவனவற்றைத் தடுக்கவில்லை.

இங்கேதான் நாம் இதுவரை சொல்லிவந்த வரலாறு முழுவதும் ஒரு புள்ளியில் வந்து குவிகிறது. புதுக்கிணறு கூடாது, பழைய கிணறு இருக்கலாம். பழைய கிணற்றிலோ பாதிக்கு மேல் எஞ்சியிருக்கிறது. அதனை எடுக்கச் சொல்லி மத்தியக் கொள்கை ஊக்குவிக்கிறது. நாளைக்கே ஒரு பழைய கிணற்றில் நீராவியோ பாலிமரோ கரியமில வாயுவோ செலுத்தினால், அது நடந்துவரும் வேலையா, புதிய வேலையா? பழைய கிணறுகளைப் பழுதுபார்க்கக் கருவிகள் வந்தபோதே, புதுக்கிணறு தோண்ட வந்துவிட்டார்கள் என்று உழவர்கள் ஐயுற்றுத் திரண்ட நிகழ்ச்சிகள் உண்டு. அவ்வையத்தை அறியாமை என்று தள்ளுவது முறையன்று. வயலுக்கடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாதபோது, தெரிவிக்க வேண்டிய கடமை செய்கிறவர்களுடையது.

நம் நோக்கில், எஞ்சிய எண்ணெயை மீட்பது பாவமன்று. தோண்டிய கிணற்றில் இருப்பதை விட்டுவிட்டு இன்னொரு வயலைத் தோண்டுவதைவிட அது மேலானது. ஆனால் பார்மேர் பாலையின் உவர்நீர் வேறு, காவிரியின் நன்னீர்ப் படுகை வேறு. இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. எந்தக் கிணற்றில் என்ன செலுத்தப்படுகிறது, எவ்வளவு செலுத்தப்படுகிறது, மேலே வரும் உப்புநீர் எங்கே எத்தனை ஆழத்தில் விடப்படுகிறது, பக்கத்துக் கேணியின் நீரை யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள் என்னும் இவ்விவரங்கள் தமிழில், ஊராட்சி மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். நரிமணத்து உழவர் ஆங்கில அறிக்கையைத் தேடிச் சென்னைக்கோ தில்லிக்கோ போய்க்கொண்டிருக்க முடியாது.